பச்சையாகத் தெரிந்தால் பதறாதீர்கள்: கரிமம் குறைந்த கான்கிரீட் முகப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சுவர் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. "கலவை கெட்டுவிட்டது சார்" என்றார் மேஸ்திரி. உரிமையாளர் அன்று மாலையே பெயின்ட் வாங்கச் சொல்லிவிட்டார். நல்லவேளை, யாரும் அடிக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அதே சுவர் வெளிர் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

இரும்பு ஆலைக் கசடை அரைத்து, சிமென்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்த்தால் இப்படி நேரும். கசடில் உள்ள சல்ஃபைடு தரும் நிறம் அது. காற்றுப் பட்டால் தானாக மறையும். அவசரப்பட்டு ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மேல்தோல் அரித்து மணல் வெளியே தெரியும். உடனே சீலர் என்ற காப்புப் பூச்சைப் பூசினாலோ காற்று புகாது, பச்சை உள்ளேயே தங்கிவிடும். நான் பார்த்தவற்றில் மிகவும் வருந்தத்தக்க தவறு இதுதான்.

உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது. அதைக் குறைக்கச் சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி நிறம் உண்டு. கசடு வெளுப்பாக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் கருமை கூட்டும். அதில் எரியாமல் தங்கிய கரி லோடுக்கு லோடு மாறுவதால், ஒரே முகப்புக்கு இரண்டு இடங்களிலிருந்து சாம்பல் வாங்கக் கூடாது. சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்று உருவான எல்.சி.3 என்ற கரிமம் குறைந்த சிமென்டில் சுட்ட களிமண் இருக்கிறது. மண்ணில் இரும்பு அதிகமென்றால் செம்மை தட்டும்.

ஆகவே உள்ளங்கை அளவு மாதிரியை அலுவலக மேசையில் வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அதே கலவை, அதே பலகை, பலகையில் பூசும் அதே எண்ணெய் கொண்டு ஓர் ஆள் உயரச் சுவரைக் கட்டடத்தருகே வார்த்து, ஒரு மாதம் வெயிலில் விட்டுப் பாருங்கள்.

வெளுப்பு வேண்டுமென்று வெள்ளை சிமென்டுக்குப் போவதும் வீண். அதைச் சுட அதிக வெப்பம் வேண்டும். மிச்சப்படுத்திய கரிமம் அங்கேயே போய்விடும்.

இந்தக் கலவைகள் மெதுவாகத்தான் இறுகும். சீக்கிரம் பிரித்தால் பலகையோடு தோலும் உரிந்து வரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 இவற்றுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது, 14 நாளைப் பரிந்துரைக்கிறது. ஒரு பக்கத்தை இன்றும் மறுபக்கத்தை மூன்று நாள் கழித்தும் பிரித்தால், ஒரே கலவை இரண்டு நிறம் காட்டும்.