வலி குறைந்ததும் குணமாகிவிட்டதாக நினைக்காதீர்கள்: மார்பக இம்பிளான்ட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளே இம்பிளான்ட் என்ற செயற்கைப் பொருளை வைத்து மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதல் மூன்று நாட்கள் யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லை. நெஞ்சின் மேல் கல்லை ஏற்றி வைத்ததுபோல் இறுக்கமாக இருக்கும். கையைத் தூக்கினால் சுரீர் என்று இழுக்கும். படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே துணைக்கு ஆள் வேண்டும். அந்த நாட்களில் உடம்பே காவல் காத்துக்கொள்கிறது.

பத்தாம் நாள் வாக்கில்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. வலி குறைந்திருக்கும், வலி மாத்திரையும் நின்றிருக்கும், வீடு கலைந்து கிடப்பது கண்ணை உறுத்தும். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று துணிக்கூடையைத் தூக்குவது, மேல் அலமாரியில் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

வலி நிற்பது வேறு, உள்ளே ஆறுவது வேறு. இம்பிளான்ட் வைப்பதற்காக மார்பகத் திசுவுக்குக் கீழேயோ, மார்புத் தசைக்குக் கீழேயோ பை போல ஓர் இடத்தைப் பிரித்து உண்டாக்குகிறார்கள். அதைச் சுற்றி உடம்பு தானாகவே மெல்லிய உறை ஒன்றைப் பின்னிக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். அதுவரை இம்பிளான்ட் தன் இடத்தில் உறுதியாக நிற்பதில்லை. வெளியே தையல் காய்ந்துவிட்டதைப் பார்த்து உள்ளே நடப்பதைக் கணக்குப் போடக்கூடாது.

இங்கே சொல்கிற நாள் கணக்கெல்லாம் பொதுவானவை. உங்களுக்கு இம்பிளான்ட் தசைக்கு மேலா கீழா, வெட்டு எந்த இடத்தில் என்பது தெரிந்தவர் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர். அவர் வேறு கணக்கு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கையும் தோளும்

பளு தூக்கக்கூடாது என்று டிஸ்சார்ஜ் சமயத்தில் சொன்னதும், எல்லோரும் பெரிய மூட்டைகளைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். மார்புத் தசைக்கு வேலை வைப்பது தூக்குவது மட்டுமல்ல, தள்ளுவதும் இழுப்பதும்கூட. கனமான கதவைத் தள்ளுவது, இறுகிய மூடியைத் திருகுவது, ஈரத்துணியைப் பிழிவது, கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழுவது எல்லாமே அந்தத் தசையை இழுக்கும். எழும்போது முதலில் ஒரு காலை மடக்கி, வயிற்றையும் காலையும் பயன்படுத்தி எழப் பழகுங்கள். முதல் சில நாட்கள் யாராவது முதுகைத் தாங்கி எழுப்பிவிடட்டும். உங்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில்தான் இது மிகக் கடினம். இரண்டு வயதுக் குழந்தையின் எடை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அது கையை நீட்டி அழும்போது தூக்காமல் இருக்க எந்தத் தாய்க்கும் மனசு வராது. அதனால் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே, அடுத்த சில வாரங்களுக்குக் குழந்தையைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்பதை முடிவு செய்துவிடுங்கள். கொஞ்ச வேண்டுமென்றால் நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, மார்பில் முட்டாதபடி குழந்தையைப் பக்கவாட்டில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, ஓட்டம், குதிப்பு, மேல் உடம்புக்கான பயிற்சி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை பொறுக்கச் சொல்வார்கள். 'காலுக்கு மட்டும்தானே' என்று முதல் வாரத்திலேயே கடுமையாகச் செய்வதும் சரியல்ல. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடினால், புதிதாக அடைபட்ட ரத்தக் குழாய் மறுபடி கசியலாம். தாம்பத்திய உறவில் அவசரப்படக்கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். இதை மருத்துவரிடம் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அவருக்கு இது தினமும் கேட்கிற கேள்விதான்.

அப்புறம், இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பயந்துபோய் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையக்கூடும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெதுவாக, அடிக்கடி நடக்க வேண்டும். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தால் தோள்பட்டை இறுகிவிடும். மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குள் தோளை மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள்.

வண்டி, வேலை

மயக்க மருந்து கொடுத்த நாளிலிருந்து 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது. தூக்கம் வரவழைக்கும் வலி மருந்து எடுக்கும்வரையும் அப்படியே. அதற்குப் பிறகும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குறுக்கே திடீரென்று ஒருவர் வந்தால் வலிக்குப் பயப்படாமல் திருப்பவும் பிரேக் போடவும் முடியுமா? தயக்கம் இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். காரில் போகும்போது பெல்ட் அழுத்துகிறது என்று அதைப் போடாமல் இருக்காதீர்கள். ஒரு சின்னத் தலையணையை இடையில் வைத்துக்கொண்டு போடலாம்.

உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் ஒரு வாரத்தில் பலரும் திரும்பிவிடுகிறார்கள். நின்று, தூக்கி, கையை உயர்த்திச் செய்கிற வேலைக்கு அது போதாது. விடுப்பைக் குறைவாகக் கேட்டுவிட்டு அப்புறம் வலியோடு போய் நிற்பதைவிட, முதலிலேயே கூடுதலாகக் கேட்பது நல்லது.

மருந்தும் புகையும்

மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவற்றைப் போட வேண்டாம். ரத்தக் கசிவு கூடலாம். பாராசிட்டமாலில் வேறொரு சிக்கல். பல கூட்டு மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கிறது. அட்டையைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. மிஞ்சினால் கல்லீரல் கெடும். பலமான வலி மருந்துகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் தையலிலும் அழுத்தம் ஏறும். தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

புகையைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: நிறுத்தியே ஆக வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் காயத்துக்குப் போகிற ரத்தம் குறைந்து, தோல் சேராமல் பிரியக்கூடும். மின்சிகரெட்டிலும் நிகோட்டின் ஒட்டுப்பட்டையிலும் இருப்பது அதே நிகோட்டின்தான்.

மரத்த தோல், பிரா, படுக்கை

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மார்பகத்தின் சில பகுதிகள் மரத்துப்போவதும், முலைக்காம்பு கூசுவதும், திடீரென்று மின்சாரம் பாய்ந்ததுபோல் சுண்டுவதும் வழக்கம். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. இறுக்கமாக இருக்கிறதே என்று மரத்த தோலின் மேல் சுடுநீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸையும் நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது.

மருத்துவர் கொடுத்த பிராவைச் சொன்ன காலம்வரை போடுங்கள். அடிக்கம்பி வைத்த பிரா, வெட்டுக் கோடு மார்பகத்தின் கீழ் மடிப்பில் இருந்தால் அதன் மேலேயே அழுத்தும். தலைப்பக்கம் உயர்த்தி மல்லாந்து படுங்கள். குப்புறப் படுப்பதை நீண்ட காலம் மறந்துவிட வேண்டும். காயம் முழுதாக மூடும்வரை தொட்டிக் குளியல், நீச்சல் குளம், கடல் மூன்றும் வேண்டாம்.

மசாஜ் பற்றி ஒன்று. யாரோ செய்கிறார்கள் என்று நீங்களும் செய்யாதீர்கள். சில வகை இம்பிளான்ட் இடம் பெயராமல் இருப்பதே முக்கியம். அதை அழுத்தி நகர்த்தினால் கெடுதல்தான்.

கண்ணாடி முன் நின்று

முதல் வாரங்களில் மார்பகம் மேலே தூக்கி, இறுகி, ஒருபக்கம் பெரிதாகத் தெரியும். பலர் இதைப் பார்த்து அழுதுவிடுகிறார்கள். மயக்க மருந்து, தூக்கமின்மை, வலி எல்லாம் சேர்ந்து மனசு தளர்ந்திருக்கிற சமயம் அது. வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, இம்பிளான்ட் கீழே இறங்கி அமைய 3 முதல் 6 மாதம் ஆகும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் இறங்காது. இது நிரந்தர உருவம் அல்ல. தழும்பும் அப்படித்தான், மாதக்கணக்கில் சிவந்து தடித்திருந்துவிட்டு, ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் மங்கும். அதுவரை வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'எல்லாம் தானாகச் சரியாகும்' என்று காத்திருக்கக்கூடாத சில உண்டு. ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கி, கெட்டியாகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவுகிற சிவப்பு, சீழ் ஆகியவை தொற்றின் அடையாளம். இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறல், புதிதாக நெஞ்சு வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற தயக்கம்தான் இந்தப் பட்டியலிலேயே மோசமான தவறு.

தொலைக்கக்கூடாத அட்டை

இம்பிளான்டின் நிறுவனம், வகை, வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். பலரும் அதை மருத்துவமனை பில்லோடு சேர்த்து எங்கோ போட்டுவிடுகிறார்கள். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்புடைய இம்பிளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்குத் தொடர்பு தெரிந்ததே காரணம். அறிகுறி இல்லாதவர்கள் அகற்ற வேண்டியதில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஆனாலும் தன் உடம்பில் இருப்பது எந்த வகை என்று அறிய இந்த அட்டை வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு மார்பகம் திடீரென்று வீங்கினால் காட்டாமல் விடாதீர்கள்.

சிலிகான் ஜெல் இம்பிளான்ட் கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் அறிகுறி இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம். மாமோகிராம் எடுக்கப் போகும்போது இம்பிளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைப் பின்னுக்கு ஒதுக்கி, திசுவை முன்னே இழுத்து எடுக்கத் தனி முறை இருக்கிறது.