முகத்துக்கு பிஆர்பி செய்யப் போகிறீர்களா? முதலில் காலண்டரை எடுங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணமோ அறுபதாம் கல்யாண சாந்தியோ வந்துவிட்டால், மூன்று வாரம் முன்னால் யாராவது போன் போட்டு, "ரத்தம் எடுத்து முகத்துக்குப் போடுவார்களே, அதைச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். அதுதான் பிஆர்பி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி. பருத் தழும்புக்காக மூன்று முறை செய்துகொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். செய்யலாம், ஆனால் மூன்று வாரத்தில் ஒன்றும் தெரியாது. பொதுவாக மாதத்துக்கு ஒன்றாக மூன்று முறை செய்வார்கள், அப்புறம் தோலுக்குள் கொலாஜன் என்ற, தோலை உறுதியாக வைக்கும் புரதம் உருவாக இன்னும் சில வாரங்கள் ஆகும். அதனால் விசேஷத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே தொடங்குங்கள்.

கையிலிருந்து சுமார் 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து சேர்த்த டியூபில் விட்டு, சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், வெளிர்மஞ்சளான பிளாஸ்மா மேலே நிற்கும். அதில் தட்டணுக்கள் செறிவாக உள்ள பகுதியைத்தான் முகத்தில் ஊசியால் போடுகிறார்கள், அல்லது நுண்ணூசிக் கருவியால் தோலில் துளையிட்டுத் தடவுகிறார்கள். காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் தட்டணுவுக்குள்தான் இருக்கின்றன. சாதாரண ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை முதல் நாலரை லட்சம் தட்டணு இருக்கும், நல்ல பிஆர்பியில் 10 லட்சம் அளவுக்கு வர வேண்டும் என்பார்கள். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை. டெங்கு வந்து எழுந்தவர்கள் தட்டணு எண்ணிக்கை சரியாகும் வரை பொறுங்கள்.

யாரிடம் செய்வது என்பதுதான் இதில் பெரிய விஷயம். பார்லரில் வேண்டவே வேண்டாம். எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரிடம் போங்கள், உள்ளூரில் மனதுக்குத் திருப்தியாக இல்லையென்றால் மதுரையும் திருச்சியும் பஸ் ஏறிப் போகிற தூரம்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 2018இல் மூடப்பட்ட ஒரு ஸ்பாவில் இந்த ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் அறிக்கையாகவே வெளியிட்டது. பெயர் எழுதாத ரத்த டியூப்கள் அங்கே சமையலறை பிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்திருக்கின்றன!

அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். டியூபில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னால் எழுத வேண்டும், ஊசியையும் நுண்ணூசி முனையையும் உங்கள் எதிரில் உறை பிரிக்க வேண்டும், சுழற்றி வந்த டியூபைக் காட்ட வேண்டும். நான் முதலில் போன இடத்தில் "அதெல்லாம் உள்ளே நடக்கும்" என்றார்கள். ரத்தம் கொடுக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. விரத நாளில் போகாதீர்கள், நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகள், சீழ்ப் பருவோ உதட்டுக் கொப்புளமோ இருப்பவர்கள், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இப்போது வேண்டாம். காயம் ஆறினால் தழும்பு தடித்து எழும்பும் உடம்பா, கறுத்துப்போகும் தோலா, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மரத்துப்போகும் கிரீம் தடவி அரைமணி முதல் முக்கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். அப்படியும் நெற்றியில் வலித்தது. முகம் இரண்டு மூன்று நாள் சிவந்திருக்கும், சிலருக்கு வீங்கும், கன்றிப்போகும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நம் ஊர்ப் பெண்கள் தவறு செய்கிறோம். ஒரு வாரத்துக்கு மஞ்சள் பூசாதீர்கள், கடலை மாவு தேய்க்காதீர்கள், எலுமிச்சைப் பக்கமே போகாதீர்கள். முதல் நாள் மேக்கப் வேண்டாம், அடுப்படி அனலும் வேண்டாம், பலகாரம் சுடுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். மறுநாளிலிருந்து எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் நடந்து வந்த பிறகே தொடங்குங்கள், அத்தனை நாள் வெயிலில் தோல் கறுத்துவிடும். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தொங்கிய கன்னமும் ஆழமான சுருக்கமும் இதில் சரியாகாது. மங்கு போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் தயாரிக்கும் விதம் வேறு, அதனால் பலனும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஒவ்வொரு முறைக்கும் முன்னால் போட்டோ எடுத்து வையுங்கள், கண்ணாடியை நம்ப வேண்டாம். வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) அதே தூணருகில், காலை எட்டு மணி வெளிச்சத்தில், பவுடர் போடாமல் எடுத்தேன். மூன்றாவது முறைக்கு அப்புறம் வலது கன்னத்துப் பள்ளங்கள் ஆழம் குறைந்திருந்தது நன்றாகவே தெரிந்தது, இடது கன்னத்தில் ஒரு பெரிய தழும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குத் தழும்புக்கு அடியில் ஊசி விட்டு இழையை அறுத்துவிடும் வேறு சிகிச்சைதான் சரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.