வெளுத்துப்போன நீல முக்காடு

இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெஸ்ஸீனா 1476 வாக்கில் வரைந்த ‘மங்கள வார்த்தை மரியா’ ஓவியத்தைப் பார்த்து வரைந்துதான் எண்ணெய் வண்ணம் பழகுகிறேன். அசல் சிசிலியில், பலேர்மோவில் இருக்கிறது. 45 செ.மீ. உயரமுள்ள பலகை, அவ்வளவுதான். படத்தில் பெரும்பகுதி நீல முக்காடு.

அதில்தான் சிக்கல். ஈரத்தில் ஆழமாக மின்னிய நீலம், காய்ந்ததும் மடிப்புகளின் நிழலில் மட்டும் சாம்பல் பூத்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கருப்பு கூடிவிட்டது என்று நினைத்து அல்ட்ராமரின் நீலத்தை மட்டும் மறுபடி பூசினேன். காய்ந்ததும் அதே கதை. வண்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைனைக் கூட்டிப் பூசியது இன்னும் மோசம். விளக்கைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்பது நாள் வீண்.

தற்செயலாக ஈர விரல் பட்ட இடத்தில் சில நொடிகளுக்குப் பழைய நீலம் திரும்பியது. அப்படியென்றால் நிறம் சரி. மேற்பரப்பில்தான் எண்ணெய் இல்லை. டர்பன்டைன் அதிகம் கலந்து அடியில் பூசிய அம்பர் பழுப்பு அதைக் குடித்துவிட்டது. வெளிர் நிறங்களில் இது அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் முகம் தப்பியது.

ஆளி விதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, நன்றாகக் காய்ந்த நீலத்தின் மேல் துணியால் தேய்த்தேன். சில நிமிடம் கழித்து அநேகமாக முழுவதையும் துடைத்தெடுத்தேன். இந்தத் துடைப்பு முக்கியம். தங்கும் எண்ணெய் பின்னால் மஞ்சளாகும். (அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் ஊற வையுங்கள்.) அப்புறம் டர்பன்டைனைக் குறைத்து, கொஞ்சம் எண்ணெய் சேர்த்து நிழல்களை மறுபடி பூசினேன். இரண்டு வாரமாகியும் வெளுக்கவில்லை. அடுத்தது மரியாவின் வலது கை.