குளோன் வார்ஸ் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது?

'ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடர் 2008 முதல் 2020 வரை ஏழு சீசன்களாக வெளிவந்தது, தொடக்க சீசன்களில் கதை காலவரிசைப்படி நகர்வதில்லை என்பதால், பாத்திரங்களின் வளர்ச்சியை ரசிக்க விரும்புவோர் வரிசையைச் சற்று மாற்றிக்கொள்வது நல்லது.

மூன்றாம் சீசனின் முதல் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, முதல் சீசனின் ஐந்தாம் அத்தியாயத்திற்குச் செல்லுங்கள். பயிற்சிக் காலத்தில் முரண்டு பிடிக்கும் ஹெவி என்னும் குளோன் வீரன் (ஒரே மனிதனின் நகல்களாக உருவாக்கப்பட்ட படைவீரர்களில் ஒருவன்), தான் பெற்ற பதக்கத்தை 99 என்னும் உடல் குறையுள்ள குளோனிடம் கொடுத்துவிட்டுப் போவதைக் கண்டவர்களுக்கே, புறக்காவல் நிலையத்தில் அவன் செய்வது எத்தகைய செயல் என்பது (அதை இங்கே உடைத்துச் சொல்லப்போவதில்லை) முழுமையாக உறைக்கும்.

ஒரே முகம் கொண்ட வீரர்களைத் தலைமுடி, பச்சைக்குத்து, கவச வண்ணம் ஆகியவற்றால் அடையாளம் காணலாம். நாயகன் அனகினிடம் பயிலும் இளம்பெண் அசோகாவின் துடுக்குத்தனம் தொடக்கத்தில் எரிச்சலூட்டினாலும் அவள் வரும் அத்தியாயங்களைத் தாண்டிவிடாதீர்கள். ஐந்தாம் சீசனின் இறுதியில் அவள் எடுக்கும் முடிவுக்கு அங்கேதான் வேர் இருக்கிறது.