மருவை நீக்கும் முன் அது மருதானா என்று உறுதிசெய்யுங்கள்: தோல் மருத்துவரைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தோலில் சிறு முடிச்சு ஒன்று தென்பட்டதும் அதை எப்படி எடுப்பது என்றுதான் பெரும்பாலோர் விசாரிக்கிறார்கள். அது உண்மையில் மருதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் மரு என்ற ஒரே பெயரால் பலவற்றையும் குறிப்பிடுகிறோம். கழுத்திலும் அக்குளிலும் மெல்லிய காம்புடன் தொங்கும் மென்மையான சதைத்துணுக்கு, வயது கூடும்போது முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்தாற்போல் படியும் பழுப்புத் திட்டு, குழந்தைகளின் உடலில் நடுவே சிறு குழியுடன் முத்துப்போல் எழும்பும் பாலுண்ணி ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகள். முதல் இரண்டும் தொற்றுவதில்லை. மூன்றாவது தொற்றும் என்றாலும் அதற்குக் காரணம் அம்மை வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். இந்தக் கட்டுரை பேசுவது மனிதப் பாப்பிலோமா வைரஸால் உண்டாகும் மருவைப் பற்றி.

இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல், வெடிப்பு, நீரில் ஊறி மென்மையான தோல் ஆகியவற்றின் வழியே அது நுழைந்து, மேல்தோலின் அடியடுக்கு உயிரணுக்களில் தங்கி, அவற்றை மிகையாகப் பெருகச் செய்கிறது. அந்தப் பெருக்கம் தடித்து வெளியே தெரிவதற்குச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், யாரிடமிருந்து தொற்றியது என்று தேடுவதில் பயனில்லை. மருவுக்கு ஆழமான வேர் உண்டு என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது மேல்தோலைத் தாண்டிச் செல்வதில்லை. எடுத்த மரு மீண்டும் முளைப்பதற்குக் காரணம், அதைச் சுற்றி இயல்பாகத் தோன்றும் தோலிலும் வைரஸ் தங்கியிருப்பதுதான். வைரஸை நேரடியாக அழிக்கும் மருந்து இதுவரை இல்லை. ஒவ்வொரு சிகிச்சையும் பாதிக்கப்பட்ட திசுவை அழிக்கிறது அல்லது நம் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தட்டி எழுப்புகிறது. இதைப் புரிந்துகொண்டவர், 'ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு' என்ற விளம்பரத்தை நம்ப மாட்டார்.

விரல்களிலும் முழங்கால்களிலும் சொரசொரப்பாக எழும்புவது சாதாரண மரு. முகத்திலும் புறங்கையிலும் தட்டையாக, கூட்டமாகத் தோன்றுவது தட்டை மரு. சவரம் செய்யும்போது கத்தி செல்லும் கோட்டிலேயே இது வரிசையாகப் பரவுவதைக் காணலாம். நகம் கடிப்பவர்களுக்கு நகத்தைச் சுற்றி வரும் மரு பிடிவாதமானது.

உள்ளங்காலில் வருவதைத்தான் பலர் காலாணி என்று எண்ணி ஏமாறுகிறார்கள். இதை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். காலைக் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் தோலின் இயற்கையான ரேகைகளைக் கவனியுங்கள். காலாணியின் மேல் அந்த ரேகைகள் தொடர்ந்து ஓடும். மருவின் விளிம்பில் அவை நின்றுவிடும் அல்லது விலகிச் செல்லும். நேராக அழுத்தினால் கூடுதலாக வலிப்பது காலாணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் கூடுதலாக வலிப்பது மரு. மருவினுள் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிவதும் உண்டு. அவை இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். மருத்துவர் மேலடுக்கைச் சிறு கத்தியால் மெல்லச் சீவும்போது, அந்தப் புள்ளிகளிலிருந்து ஊசிமுனை அளவு இரத்தம் கசிந்தால் மரு என்பது பெரும்பாலும் உறுதியாகிவிடும். இந்தச் சோதனையை நீங்கள் பிளேடால் செய்து பார்க்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 2 ஆண்டுகளுக்குள் சிகிச்சை இன்றியே மறைந்துவிடுகின்றன. ஆகவே வலியோ பரவலோ இல்லாத குழந்தைக்குச் சுட்டு எடுக்கும் சிகிச்சையை அவசரமாகச் செய்ய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெரியவர்களுக்கு இவ்வளவு விரைவில் மறைவதில்லை. ஆனால் முடிச்சு வேகமாக வளர்ந்தாலும், நிறம் மாறினாலும், தானாக இரத்தம் கசிந்தாலும், புண்ணாகி ஆறாமல் இருந்தாலும், முகத்திலோ பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ தோன்றினாலும், உங்களுக்கு நீரிழிவோ கால்களில் இரத்த ஓட்டக் குறைவோ உணர்ச்சிக் குறைவோ இருந்தாலும், நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொண்டு வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நகத்தடியில் நெடுநாளாக இருக்கும் ஒற்றை மரு சில வேளைகளில் தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

இவற்றில் எதுவும் இல்லாத, கை கால்களில் உள்ள சாதாரண மருவுக்கு, தடித்த தோலை மெல்லக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தொடக்கம். வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, வெளுத்த மேல்தோலை நகம் தேய்க்கப் பயன்படும் அட்டை அரத்தால் தேய்த்து, சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லி பூசிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை இட்டு உலரவிட வேண்டும். அந்த அரத்தை வேறு எதற்கும், வேறு யாருக்கும் பயன்படுத்தக் கூடாது. நாள் தவறாமல் 12 வாரம் வரை தொடர வேண்டியிருக்கலாம். பெரும்பாலோர் மூன்றாம் வாரத்திலேயே கைவிடுவதால்தான் மருந்து பலிக்கவில்லை என்று நினைக்கிறார்கள். நூலால் இறுக்கிக் கட்டுவதும், ஊசியால் கிளறுவதும், எரியும் பொருள்களைத் தடவுவதும் தழும்பையும் சீழையும்தான் தரும்.

மருத்துவரைத் தேடும்போது தோல் மருத்துவத்தில் முறையான பட்டமேற்படிப்பு முடித்தவரா, உங்கள் நாட்டின் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளதா என்ற இரண்டையும் சரிபாருங்கள். பெயர்ப்பலகையில் 'தோல்', 'அழகு', 'லேசர்' என்ற சொற்கள் இருப்பதால் மட்டும் ஓர் இடம் தோல் மருத்துவமனை ஆகிவிடாது. அழகுநிலையங்களில் மருவைச் சுட்டு எடுப்பவர்களிடம் கருவி இருக்கலாம். ஆனால் புற்றுநோய்த் திட்டையும் மருவையும் வேறுபடுத்தும் பயிற்சி இருக்காது. உங்கள் குடும்ப மருத்துவரிடம் பரிந்துரை கேளுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவையும் விசாரியுங்கள். அங்கே காத்திருப்பு நீளலாம் என்றாலும், பல சிகிச்சை முறைகள் ஒரே இடத்தில் கிடைக்கும். இணையத்தில் காணும் நட்சத்திர மதிப்பீடுகளைவிட, அந்த மருத்துவரிடம் சென்று ஆறு மாதம் கழிந்த ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மரு திரும்பி வந்ததா, அப்போது மருத்துவர் எப்படி நடந்துகொண்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதல் சந்திப்புக்குச் செல்லும்போது, மரு தொடங்கிய காலம், இதுவரை தடவிய மருந்துகள், உட்கொள்ளும் மாத்திரைகள், கர்ப்பம், ஒவ்வாமை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செல்லுங்கள். மாதத்துக்கொருமுறை எடுத்த புகைப்படம் இருந்தால் மிக உதவும். நல்ல மருத்துவர் தொட்டும், உருப்பெருக்கிக் கருவியால் நோக்கியும், ஐயம் இருந்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியும் முடிவெடுப்பார். இது மரு என்பதில் ஐயம் உள்ளதா, எந்தச் சிகிச்சையை ஏன் முதலில் தேர்ந்தெடுக்கிறீர்கள், எத்தனை அமர்வுகள் ஆகலாம், தழும்போ நிறமாற்றமோ வருமா, எல்லா அமர்வுகளுக்கும் சேர்த்து என்ன செலவாகும், திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் சிகிச்சை பெற வேண்டாம்.

மருத்துவமனையில் அதிகம் செய்யப்படுவது, ஏறத்தாழ மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையவைக்கும் முறை. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்; கொப்புளம் வருவது இயல்பு. கருநிறத் தோலில் வெளிறிய தழும்பு நெடுநாள் நிற்கக்கூடும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மின்சாரத்தால் சுடுவதும் லேசரும் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யப்படுபவை. அவற்றில் எழும் புகையில் வைரஸின் துகள்கள் கலந்திருக்கலாம் என்பதால் முகக்கவசமும் புகையுறிஞ்சியும் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். அந்த இடத்தின் ஒழுங்கைக் காட்டும் நல்ல அளவுகோல் அது. பல இடங்களில் பரவிய, பிடிவாதமான மருக்களுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் ஊசியை ஒரு மருவில் மட்டும் செலுத்தும் முறையும் உண்டு. சிலருக்கு ஊசி படாத மருக்களும் அதனால் மறைகின்றன.

பிறப்புறுப்பு மருவுக்கு மேற்சொன்ன சாலிசிலிக் அமிலத்தை ஒருபோதும் இடக் கூடாது. இந்த மருவைப் பெரும்பாலும் உண்டாக்கும், மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய எண்ணுள்ள வகைகள் புற்றுநோய் அபாயம் குறைந்தவை. எனினும் மற்றப் பாலியல் தொற்றுகளுக்கான பரிசோதனையும், பெண்களுக்கு வயதுக்கேற்ற கருப்பைவாய்ப் பரிசோதனையும் தேவை. தயக்கத்தால் இதைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். மருத்துவருக்கு இது அன்றாடம் பார்க்கும் நோய், உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி அன்று. தொற்றிப் பல மாதங்கள் கழித்தும் மரு தோன்றலாம் என்பதால் துணைவர்மீது உடனே ஐயம் கொள்ளவும் வேண்டாம்.

சிகிச்சைக்குப் பிறகு கொப்புளத்தை உடைக்காமல், இடத்தைச் சுத்தமாகவும் மூடியும் வையுங்கள். சிவப்பும் வலியும் நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பல அமர்வுகள் முடிந்தும் ஒரு மரு சற்றும் சுருங்காவிட்டால், அதே சிகிச்சையைத் தொடர்வதற்கு முன் திசுப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள்.