மோட்டார் சூடானால் உடனே கிரீஸ் அடிக்காதீர்கள்

வாடிப்பட்டி, மேலூர் பக்கம் ரைஸ் மில் வைத்திருப்பவர்களுக்கு இது. மோட்டார் சூடானால் முதலில் மெயினை அணைத்து, ஃபேன் மூடியில் உமித்தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

மோட்டார் தண்டைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங் பக்கம்தான் சூடு என்றால், கிரீஸ் அதிகமாகியிருக்கலாம். பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருந்தாலே போதும். திணித்து அடைத்தால் பேரிங்கின் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே சுற்றும்; சூடேறி எண்ணெய் பிரிந்து ஓட, மிஞ்சுவது காய்ந்த சக்கைதான்.

கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளைத் துடைத்து, கீழே கிரீஸ் வெளியேறும் திருகைக் கழற்றிவிட்டு, கொஞ்சமாக அடியுங்கள். அப்புறம் கால் மணி நேரம் ஓடவிட்டால் மிகுதி வெளியே வந்துவிடும், திருகை மூடிவிடலாம். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் அதையே போடுங்கள், வேறு வகையைக் கலக்க வேண்டாம். இருபுறமும் மூடிய பேரிங்குக்குக் கிரீஸே தேவையில்லை; சத்தம் வந்தால் மாற்றிவிடுங்கள்.