செயலி, நினைவக ஓவர்கிளாக்கிங்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலியையும் நினைவகத்தையும் தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் இயக்கி, அதாவது ஓவர்கிளாக் செய்து, பார்க்க விரும்பும் புதியவர்களுக்கு முதலில் எழும் அச்சம், கணினி எரிந்துபோய்விடுமோ என்பதுதான். இன்றைய செயலிகள் வெப்பம் மிகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன; அதையும் மீறினால் கணினியே அணைந்துவிடுகிறது. எனவே அந்த அச்சம் பெரும்பாலும் மிகையானது. அஞ்ச வேண்டியது, கணினி எந்தக் குறையையும் வெளிக்காட்டாமல் இயங்கிக்கொண்டே அவ்வப்போது தவறான விடைகளைத் தருவதற்குத்தான். புதியவர்களின் தவறுகளில் பல, இந்த நிலையை அறியாமலே அதற்குள் நுழைந்துவிடுவதில் முடிகின்றன.

வன்பொருள் பொருத்தத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இன்டெல் செயலிகளில் பொதுவாகப் பெயரில் ‘கே’ எழுத்து உள்ளவற்றில்தான் பெருக்கியை (வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணை) உயர்த்த முடியும், அதற்கும் ‘இசட்’ வரிசைச் சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்ட மதர்போர்டு தேவை. ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை பூட்டின்றி வந்தாலும், ஏ320, ஏ520 சிப்செட்டுகள் செயலி ஓவர்கிளாக்கிங்குக்கு இடம் தருவதில்லை. கூடுதல் கேஷ் (செயலிக்குள் உள்ள விரைவு நினைவகம்) அடுக்கப்பட்ட 5800எக்ஸ்3டி போன்ற சில மாதிரிகளில் பெருக்கியே பூட்டப்பட்டிருக்கும். இவற்றை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

அடுத்த தவறு, இயல்பு நிலையில் கணினி எப்படி இருந்தது என்பதைப் பதிவு செய்யாமலேயே மாற்றங்களைத் தொடங்குவது. முழுச் சுமையில் செயலி எவ்வளவு வெப்பமடைகிறது, எத்தனை வாட் இழுக்கிறது, வேகச் சோதனையில் எவ்வளவு மதிப்பெண் பெறுகிறது என்ற விவரங்கள் கையில் இல்லாவிட்டால், பிறகு கிடைத்தது முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்ல வழியே இருக்காது. இதைவிடக் கெட்ட பழக்கம், பெருக்கி, மின்னழுத்தம், நினைவக வேகம் ஆகிய மூன்றையும் ஒரே அமர்வில் மாற்றுவது. கணினி நின்றுபோனால் எதனால் நின்றது என்று அறிய முடியாது. செயலியைச் சரிசெய்யும்வரை நினைவகம் இயல்பு வேகத்திலேயே இருக்கட்டும். செயலி நிலைபெற்ற பிறகு நினைவகத்தைத் தனியாகத் தொடுங்கள்.

மின்னழுத்தம் பற்றிய தவறுகள்

செயலியின் வேகம் என்பது அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸைப் பெருக்கியால் பெருக்கி வருவது. 50 என்ற பெருக்கிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அந்த வேகத்துக்குத் தரும் விலைதான் புதியவர்களின் கணக்கில் வருவதில்லை. செயலி இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுகிறது. 4.7 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டுடன் இயங்கும் செயலியை 5.0 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுசெல்ல 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், 6 சதவீத வேகத்துக்காக ஏறத்தாழ 35 சதவீதம் கூடுதல் மின்திறனும் அதற்கேற்ற வெப்பமும் ஏற்கப்படுகின்றன. கூலர் அதைத் தாங்காவிட்டால் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையில் 5.0 என்று அமைத்தவர் 4.6இன் பலனையே பெறுவார்.

வேறொருவர் தம் செயலிக்கு வைத்த மின்னழுத்தத்தை அப்படியே எடுத்துப் போடுவதும் பரவலான பழக்கம். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரு செயலிகள்கூட ஒரே வேகத்துக்கு வெவ்வேறு மின்னழுத்தம் கேட்கும் என்பதால், பிறரது எண் ஒரு திசைகாட்டியாகலாமே தவிர, இலக்காகாது. மின்னழுத்தத்தை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றுவதும் அதே அளவு தவறுதான், ஏனெனில் எந்தச் செயலியும் நின்றுவிடக் கூடாது என்ற நோக்கில் மதர்போர்டுகள் தேவைக்கு மேல் தாராளமாகவே மின்னழுத்தம் தருகின்றன.

சுமையின்போது மின்னழுத்தம் இறங்குவதை ஈடுசெய்யும் லோட்லைன் அமைப்பு இன்னொரு பொறி. சுமை ஏறும்போது செயலியின் மின்னழுத்தம் சற்று இறங்குவது வடிவமைப்பிலேயே உள்ளது. அதைக் குறை என்று கருதி லோட்லைன் அமைப்பை உச்ச நிலைக்குக் கொண்டுபோனால், சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் குறித்த அளவைத் தாண்டி எழும். கண்காணிப்பு மென்பொருள் நொடிக்கு ஓரிரு முறையே அளவீட்டை வாசிப்பதால் அந்த எழுச்சி கண்ணில் படாது. நடுத்தர நிலையே போதுமானது.

மிகை மின்னழுத்தத்தின் கேடு அன்றே தெரிவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றில், ஓவர்கிளாக் செய்யப்படாத கணினிகளிலும்கூட, நிலைகுலைவு ஏற்பட்டது. உயர்ந்த இயக்க மின்னழுத்தத்தை அதன் காரணமாகச் சுட்டிய நிறுவனம், மைக்ரோகோடு (செயலியின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. மாதக்கணக்கில் நன்றாக இயங்கிய செயலி, அதே வேகத்துக்கு மெல்ல மெல்லக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கத் தொடங்குவதுதான் இத்தகைய தேய்மானத்தின் அடையாளம்.

செயலிக்குள் கணக்கிடும் அலகுகளான கோர்கள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நிறுத்தும் பழைய முறையும் இன்று பெரும்பாலும் நட்டத்தையே தருகிறது. ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது 5.7 கிகாஹெர்ட்ஸ்வரை தானாகவே எழக்கூடிய ஒரு செயலியை 5.2இல் கட்டிப்போட்டால், அன்றாடப் பணிகளில் அது முன்பைவிட மெதுவாகவே இருக்கும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு வழியாக மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்து, செயலி தானே உயர இடம் கொடுப்பதே தொடக்கத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து.

நினைவகம்: சத்தமில்லாத பிழைகள்

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆகியவற்றை (ராமிலேயே பதிந்து வரும் வேக, மின்னழுத்தச் சுயவிவரங்களை) வெறும் ‘இயக்கு’ பொத்தானாகப் பார்ப்பது நினைவகத்தில் நிகழும் முதல் தவறு. அவையும் ஓவர்கிளாக்கிங்தான். டிடிஆர்4இன் நியம மின்னழுத்தம் 1.2 வோல்ட், டிடிஆர்5இன் நியமம் 1.1 வோல்ட், சுயவிவரங்களோ 1.35 வோல்ட்டோ அதற்கு மேலோ கேட்பது வழக்கம். அந்தச் சுயவிவரத்தை இயக்கும்போது, செயலிக்குள் உள்ள நினைவகக் கட்டுப்படுத்தியின் மின்னழுத்தத்தையும் மதர்போர்டு தானாகவே உயர்த்திவிடலாம். 2023இல் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி செயலிகள் சில கருகிப்போன செய்திகளுக்குப் பிறகு, இந்த எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்சவரம்பை ஏஎம்டி, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியே விதித்தது. எனவே சுயவிவரத்தை இயக்கியதும் அந்த எண்ணைப் பார்த்துவிடுவது அவசியம். பழைய பயாஸோடு தொடங்குவதும் இதே காரணத்தால் கூடாது.

பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்ணை மட்டும் துரத்துவது இரண்டாவது தவறு. ‘சிஎல்’ என்று குறிக்கப்படும் தாமத எண்ணை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் உண்மையான தாமதம் நானோநொடியில் கிடைக்கும். 3200 வேகத்தில் சிஎல்16, 3600இல் சிஎல்18, 6000இல் சிஎல்30 ஆகிய மூன்றுக்கும் விடை 10 நானோநொடியே. 6000இல் சிஎல்40 என்றால் 13.3 ஆகிவிடும். ரைசன் 7000 செயலிகளில் 6000 என்ற வேகத்தைக் கணிசமாகத் தாண்டினால் நினைவகக் கட்டுப்படுத்தி பாதி வேகத்துக்கு இறங்கவேண்டி வரலாம். எண் ஏறும், பலன் இறங்கும். இரண்டு ராம் தொகுப்புகளைச் சேர்த்து நான்கு பலகைகளாகப் போட்டுவிட்டு, இரண்டு பலகைகளுக்காகச் சோதிக்கப்பட்ட வேகத்தை எதிர்பார்ப்பதும் இதே வகைதான்.

மிகப் பெரிய தவறு, விண்டோஸ் திறந்துவிட்டது என்பதையே நிலைத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது. செயலி தடுமாறினால் கணினி பெரும்பாலும் நின்றுவிடும். தவறு நிகழ்ந்தது உடனே தெரியும். நினைவகத்தில் ஒரு பிட் மாறினால், மாறிய பிட் ஒரு கோப்பின் நடுவே அமர்ந்து, வட்டில் எழுதப்பட்டு, காப்புப் பிரதிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். டிடிஆர்5 சிப்புகளுக்குள் பிழைதிருத்தம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது சிப்புக்குள் நிகழும் பிழைகளுக்கு மட்டுமே. மிகை வேகத்தில் சிப்புக்கும் செயலிக்கும் இடையிலான பாதையில் நேரும் பிழைகளை அது தொடுவதில்லை. ஆகவே புதிய நினைவக அமைப்பில் இயங்குதளத்தைத் திறப்பதற்கு முன்பே, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ஐ ஓட்டுவதே முறை. அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான். ‘ஒன்றுதானே’ என்று விடுவதற்கு இங்கே இடமில்லை.

டிடிஆர்5 மதர்போர்டுகள் அமைப்பு மாறிய பின் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்பதுண்டு. பதறி மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் அந்தப் பணியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள்.

சோதனையிலும் மீட்பிலும்

ஒரே சோதனை மென்பொருளை நம்பியிருப்பது போதாது. பிரைம்95 போன்றவை கடும் சுமையைச் சோதிக்கும். மின்னழுத்தம் குறைக்கப்பட்ட ரைசனோ சுமை இல்லாதபோது, ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும் கணத்தில் விழக்கூடும். கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் கோர்சைக்ளர் அதற்கு உதவும். கணினி நிற்காவிட்டாலும், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘வியா’ (WHEA) வன்பொருள் பிழைகள் பதிவாகியிருந்தால் அமைப்பு நிலையற்றது என்றே கொள்ள வேண்டும். நினைவகத்தைச் சோதிக்கும்போது கிராஃபிக்ஸ் அட்டையையும் சேர்த்துச் சூடேற்றுங்கள்: குளிர்ந்த பெட்டியில் தேறிய ராம், விளையாட்டின் இடையே சூடேறியபின் பிழை தரலாம்.

கணினி திறக்கவே மறுத்தால் சிமோஸை (சேமித்த பயாஸ் அமைப்புகளை) அழிக்கும் வழி எது, அதற்கான ஜம்பர் (மதர்போர்டில் உள்ள சிறு இணைப்பு ஊசிகள்) எங்கே உள்ளது என்பதைத் தொடங்கும் முன்பே கையேட்டில் பார்த்துவைக்க வேண்டும்; முக்கியக் கோப்புகளின் காப்புப் பிரதியும் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பயாஸைப் புதுப்பிப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குத் திருப்பிய பிறகே செய்யுங்கள். நிலையற்ற நினைவகத்தோடு பயாஸை எழுதுவது மதர்போர்டையே முடக்கக்கூடும். புதுப்பித்தபின் சேமித்த அமைப்புகள் அழிந்துபோவது வழக்கம் என்பதால், எண்களைத் தாளிலோ கைபேசிப் படமாகவோ வைத்திருப்பது நல்லது. அதே எண்களைத் திரும்ப இட்டாலும், புதிய பயாஸ் நினைவகத்தை வேறு விதமாகப் பழக்கக்கூடும் என்பதால், மெம்டெஸ்ட்86+ஐ மறுபடியும் ஓட்ட வேண்டியிருக்கும்.